விரலுக்கு விடை சொல்லும் விளையாட்டு



சென்ற திங்களில் ஒரு மாலை நம் பங்கைச் சேர்ந்த தையற்காரர் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். மகன் கணினி பயின்று பட்டம் பெற்றவன். வேலைக்கு வந்து சேரும்படி கிடைத்த ஓர் அழைப்பைத் தள்ளி வைத்துவிட்டு, ஆறு மாத காலமாக வீட்டிலிருந்தபடியே வீடியோ விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறான். தந்தையின் முகத்தில் கோபத்தைக் காட்டிலும் கவலையே மிகுந்திருந்தது.

"சாமி, மூன்று வாரமாக இவன் ஒரே ஒரு தாவலைத்தான் செய்துகொண்டிருக்கிறான். பொம்மை தாவுகிறது, விழுகிறது. மறுபடி தாவுகிறது, மறுபடி விழுகிறது. ஒரு தாவலுக்கு மூன்று வாரமா? நீங்களே கேளுங்கள்" என்றார்.

மகனை நோக்கினோம். "ஃபாதர், பொம்மை தாவுவது என்பது வேறு. விளையாடுகிறவனுக்குத் தானே தாவியது போல் இருப்பது வேறு. முதலாவது ஒரே நாளில் வந்துவிட்டது. இரண்டாவதற்குத்தான் இத்தனை நாள்" என்றான் அவன்.

பேச்சை வளர்க்காமல் தன் மடிக்கணினியை நம் மேசை மீது திறந்து வைத்தான். திரையில் முகமும் கையும் காலும் இல்லாத ஒரு சதுரப் பெட்டி. அதன் முன்னே ஒரு பள்ளம். பள்ளத்திற்கு அப்பால் ஒரு திட்டு. அம்புக்குறி விசையை அழுத்தினால் பெட்டி நகரும். நீண்ட விசையை அழுத்தினால் தாவும். தாவிக் கடக்க வேண்டியதுதான் நம் பணி. பத்து முறை முயன்றோம். பத்து முறையும் பள்ளத்தில் விழுந்தோம். "வயது ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டது, தம்பி. விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை" என்று நகைத்தோம்.

"விரல் மேல் குற்றமில்லை ஃபாதர், குற்றம் விளையாட்டின் மேல்" என்று கூறி, ஏதோ சில எண்களை மாற்றி மீண்டும் நம்மிடம் தந்தான். மூன்றாம் முயற்சியில் பெட்டி அப்பால் சென்று நின்றது. பள்ளத்தின் அகலமோ ஒரு நூலளவும் குறையவில்லை. விழுந்த போது நம்மையே நொந்துகொண்ட நாம், கடந்தபோது அடைந்த மகிழ்ச்சி சிறுபிள்ளையின் மகிழ்ச்சிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அந்த எண்களில் அப்படி என்னதான் இருந்தது? அன்று நாம் கேட்டறிந்தவற்றையும் அதன் பின்னர் தேடிப் படித்தவற்றையும் இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். நம் இல்லங்களில் பிள்ளைகள் நாள்தோறும் தொட்டுப் பழகும் ஒரு பொருளைப் பற்றிப் பெற்றோர் அறியாதிருப்பது நலமன்று.

பத்தில் ஒரு பங்கு விநாடி

முதலாவது, காலம். ஒரு விசையை அழுத்துகிறோம். திரையில் ஏதோ நிகழ்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் கழியலாம்? 1968-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் மில்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதனை ஆராய்ந்து எழுதினார். விசையை அழுத்தியதற்கான மறுமொழி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அதற்குள் வந்தால், 'நான் செய்தேன்' என்று மனம் ஏற்கிறது. அதனைக் கடந்தால், 'நான் சொன்னேன். அது செய்தது' என்று மனம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

வீடியோ விளையாட்டுகள் பெரும்பாலும் விநாடிக்கு 60 படங்களைத் திரையில் அடுத்தடுத்துக் காட்டுகின்றன. ஆகவே மேற்சொன்ன எல்லை என்பது ஆறே ஆறு படங்கள். விரலின் செய்தி கணினியை அடைவது, கணினி கணக்கிடுவது, புதிய படத்தைத் தீட்டுவது, அதனைத் திரை ஒளிர்ப்பது ஆகிய அனைத்தும் அந்த ஆறு படங்களுக்குள் முடிந்தாக வேண்டும். இளைஞனின் முதல் பெட்டி தாவுவதற்கு முன் அழகாகக் குனிந்து நிமிர்ந்தது. அந்த அழகே அதற்குப் பகையாயிற்று. குனிவதற்குள் காலம் கடந்துவிட்டது. நம் விரலுக்கும் அதற்கும் இருந்த உறவு அறுந்தது. அவன் செய்த முதல் மாற்றம், விசையைத் தொட்ட மறு படத்திலேயே பெட்டியைத் தரையிலிருந்து எழச் செய்ததுதான். குனிதலை அகற்றிவிட்டு, எழும்போது பெட்டியைச் சற்றே நீட்டிக் காட்டினான். அழகும் கெடவில்லை, தாமதமும் ஒழிந்தது.

இதுவரை வாய் திறவாதிருந்த தந்தை இங்கே குறுக்கிட்டார். "அது தெரிந்ததுதானே சாமி! நான் ஒருமுறை மோட்டார் வைத்த மெஷின் ஒன்று வாங்கிப் பார்த்தேன். பெடலில் கால் வைத்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் ஊசி இறங்கும். ஓரம் அடிக்கிற இடத்தில் கோணிவிடும். ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு மகனைப் பாராமல் சன்னலைப் பார்த்தார். மகனோ தந்தையை வியப்புடன் பார்த்தான்.

மட்டையும் பந்தும்

இரண்டாவது, நாம் செய்ததற்கு ஏற்ற விடை. விரைவாக விடை வந்தால் மட்டும் போதாது; அவ்விடை நம் செயலின் தன்மைக்கு ஏற்றதாகவும் இருத்தல் வேண்டும். இதனை இத்தொழிலின் முன்னோடிகள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர்.

1972-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அட்டாரி என்னும் புதிய நிறுவனம் 'பாங்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் பொறியாளர் அதனை அமைத்தார். கறுப்புத் திரையில் இரண்டு கோடுகள், ஒரு புள்ளி, அவ்வளவே. கோடுகள் மட்டைகள், புள்ளி பந்து. மட்டையில் பட்ட பந்து எப்போதும் ஒரே கோணத்தில் திரும்பியிருக்குமாயின் அவ்விளையாட்டு ஒரு மணி நேரத்தில் சலித்திருக்கும். ஆல்கார்ன் மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். நடுவில் பட்டால் பந்து நேராகத் திரும்பும்; ஓரத்தை நோக்கிச் செல்லச் செல்ல மிகச் சாய்வாகப் பாயும். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகமும் கூடும். ஆக, கையை ஓர் அங்குலம் நகர்த்தி நிறுத்தியவனுக்கு அந்த ஓர் அங்குலத்திற்குரிய விடை கிடைத்தது.

நிறுவனத் தலைவர் நோலன் புஷ்னெல், மக்கள் கூட்டம் ஆரவாரிக்கும் ஓசை வேண்டும் என்றாராம். அதற்கு வசதியில்லை. மின்சுற்றில் ஏற்கெனவே இருந்த ஓர் ஒலியலையையே எடுத்துப் பயன்படுத்தினார் ஆல்கார்ன். பந்து மட்டையில் பட்டதும் எழும் அந்தச் சிறு ஒலி, பட்டது என்பதைக் கண்ணுக்கு முன்னே காதுக்குத் தெரிவித்தது. சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் சோதனைக்காக வைக்கப்பட்ட முதல் பெட்டி சில நாட்களில் நின்றுபோயிற்று. பழுது பார்க்கச் சென்றால், காசுப்பெட்டி நிரம்பி வழிந்ததே பழுதுக்குக் காரணம்!

அடுத்து ஜப்பான் நாடு. 1981-இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'டாங்கி காங்' விளையாட்டில் ஒரு தச்சன் உருளும் பீப்பாய்களைத் தாண்டுவான். அவனுடைய தாவல் ஒரே அளவு. விசையை எப்படி அழுத்தினாலும் அதே உயரம், அதே தூரம். தரையை விட்டுக் கிளம்பிவிட்டால் திசையை மாற்றவும் இயலாது. விசையை அழுத்துவது ஒரு வில்லிலிருந்து அம்பை விடுவது போன்றது. அதற்கு மேல் நமக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1985-இல் அதே மனிதன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் மீண்டும் வந்தான். வடிவமைத்தவர் அதே ஷிகெரு மியாமோட்டோ. உடன் உழைத்தவர் தகாஷி தெசுகா. இப்போது விசையைத் தட்டினால் சிறு துள்ளல். அழுத்திப் பிடித்தால் நெடுந்தாவல். ஓடி வந்து தாவினால் தூரம் மிகுதி. வேகமாக ஓடுகையில் திடீரெனத் திரும்பினால் கால் வழுக்கி நின்றுதான் திரும்புவான். அந்தரத்தில் இருக்கும்போதும் சற்று முன்னும் பின்னும் அசைந்து இறங்கும் இடத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

அந்தரத்தில் மனிதன் திசை மாற்ற முடியுமா? முடியாது. ஆயினும் விளையாடிய எவரும் அதனைப் பொய் என்று குறை கூறவில்லை. அது மட்டுமன்று. விசையை அழுத்திப் பிடித்து மேலே ஏறுகையில் மாரியோவை இழுக்கும் ஈர்ப்பு குறைவு, இறங்குகையில் மிகுதி. பள்ளிப் பாடநூலில் படித்த ஈர்ப்பு விதியை அப்படியே திரையில் வைத்தால், பொம்மை காற்றடைத்த பந்து போல் மிதந்து இறங்குவதாகத் தோன்றும். ஏறுவது இலேசாகவும் இறங்குவது கனமாகவும் இருந்தால்தான் தரையில் கால் ஊன்றிய நிறைவு உண்டாகிறது. நம் இளைஞன் மாற்றிய இரண்டாவது எண் இதுவே. ஏறும்போது ஓர் ஈர்ப்பு, இறங்கும்போது அதனினும் மிகுந்த ஈர்ப்பு.

ஓரத்தில் ஒரு பொறுமை

மூன்றாவது மாற்றத்தைக் கேட்டபோதுதான் நாம் உண்மையிலேயே வியந்தோம்.

1949 முதல் வெளிவந்த அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களில் கொயோட்டி என்னும் ஓநாய் இன விலங்கு ஒன்று வரும். விரைந்தோடும் ஒரு பறவையைத் துரத்திக்கொண்டு மலை முகட்டைக் கடந்து வெறும் காற்றில் ஓடும். கீழே பார்க்கும் வரையில் விழாது. அந்த விலங்கின் பெயரால் விளையாட்டு வல்லுநர்கள் ஒரு சலுகைக்குக் 'கொயோட்டி நேரம்' என்று பெயரிட்டிருக்கின்றனர். திட்டின் ஓரத்தைப் பொம்மை தாண்டிவிட்டது. காலுக்குக் கீழே தரையில்லை. கண்டிப்பான கணக்குப்படி இனித் தாவ இயலாது. ஆயினும் மிகச் சிறிது நேரத்திற்கு விளையாட்டு அவனைத் தரையில் நிற்பவனாகவே மதிக்கிறது. அதற்குள் விசையை அழுத்தினால் தாவல் கிடைக்கும்.

2018-இல் வெளிவந்த 'செலெஸ்ட்' என்னும் விளையாட்டில் ஒரு பெண் மலையேறுகிறாள். மேடி தோர்சன், நோயல் பெர்ரி ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஆக்கியது. மிகக் கடினமானது என்று பெயர் பெற்ற அந்த விளையாட்டில் இத்தகைய சலுகைகள் பல ஒளிந்துள்ளன. ஓரத்தைக் கடந்த பின்னும் பத்தில் ஒரு பங்கு விநாடி தாவலாம். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னதாகவே அவசரப்பட்டு அழுத்திவிட்டால், அந்த ஆணை மறக்கப்படாமல் கால் தரையில் பட்டவுடன் நிறைவேறும். தாவும்போது தலை மேலிருக்கும் பாறையின் விளிம்பில் மயிரிழையில் மோதினால், பொம்மை சற்றே விலக்கப்பட்டு மேலே செல்ல விடப்படும். மலை தன் செங்குத்தை ஒரு சிறிதும் குறைத்துக்கொள்வதில்லை. ஏறுகிறவளின் சிறு தவறுகளை மட்டும் அது கணக்கில் வைப்பதில்லை. இவற்றை ஆக்கியவர்களே பின்னர் வெளிப்படையாக எடுத்துரைத்ததால் நாம் அறிகிறோம். விளையாடுகிறவர் கண்ணுக்கு இவை தென்படுவதேயில்லை.

இங்கே தையற்காரர் ஒரு கேள்வி எழுப்பினார், நேர்மையான கேள்வி. "அப்படியானால் இது ஏமாற்றுத்தானே? விழ வேண்டியவன் விழாமல் தப்புகிறான். தன் திறமையால் தாண்டினேன் என்று நினைத்துக்கொள்கிறான்."

மகன் சிறிது எண்ணிப் பார்த்து விடை கூறினான். "இல்லை அப்பா. திரையில் படம் வரவே கொஞ்சம் தாமதம். அது கண்ணுக்குப் போய், மூளைக்குப் போய், விரலுக்கு வருவதற்கு இன்னும் தாமதம். அவன் ஓரம் என்று பார்த்த இடம் பழைய இடம். அவன் சரியாகத்தான் அழுத்தினான். செய்திதான் அவனுக்குப் பிந்திப் போனது. நான் கொடுப்பது இனாம் இல்லை. அவனிடமிருந்து எடுத்துக்கொண்ட நேரத்தைத் திருப்பித் தருகிறேன்."

இவ்விடையை நாம் பன்முறை நினைத்துப் பார்த்தோம். ஒருவன் செய்ததை மட்டும் அளந்து தீர்ப்பிடுவது ஒரு வகை. செய்ய முயன்றதையும், அவனுக்கு இருந்த தடையையும் சேர்த்து எடைபோடுவது மற்றொரு வகை. பின்னதை ஏமாற்று என்று எவரும் கூற மாட்டார்.

ஓசையும் ஒளியும் அதிர்வும்

நான்காவது, செய்த செயலுக்குச் சான்று. 2012-இல் மார்ட்டின் யோனாசன், பெட்ரி புர்ஹோ என்னும் இரு விளையாட்டு வல்லுநர்கள் ஒரு சொற்பொழிவில் எளிய செயல்விளக்கம் ஒன்றைச் செய்து காட்டினர். பந்தை அடித்துச் செங்கற்களை உடைக்கும் பழைய வகை விளையாட்டை எடுத்துக்கொண்டனர். விதிகளை மாற்றாமல் ஒவ்வொன்றாகச் சேர்த்தனர். பந்து பட்டதும் செங்கல் குலுங்கியது, உடைந்த துண்டுகள் சிதறி விழுந்தன, மட்டை நீண்டு சுருங்கியது, ஓசைகள் எழுந்தன, திரை அதிர்ந்தது. தொடக்கத்தில் உயிரற்றுக் கிடந்த அதே விளையாட்டு சில நிமிடங்களில் துள்ளிக் குதித்தது.

இதில் விந்தையான ஒன்று, நிறுத்தம். சண்டை விளையாட்டுகளில், 1991-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' போன்றவற்றில், ஒரு குத்து விழுந்தவுடன் குத்தியவனும் குத்துண்டவனும் இமைப்பொழுது அப்படியே உறைந்து நிற்பர். பின்னரே ஆட்டம் தொடரும். படம் நின்றுவிட்டதாக எவரும் உணர்வதில்லை. அடி கனமாக விழுந்ததாகவே உணர்கின்றனர். விரைவை விரும்பும் விளையாட்டில் ஒரு கணம் நிற்பதே வலிமையைக் காட்டுகிறது என்பது எண்ணத்தக்கது. 1997-இல் நின்டெண்டோ நிறுவனம், கையில் பிடிக்கும் கருவியோடு பொருத்திக்கொள்ளும் அதிர்வுப் பெட்டியை வெளியிட்டது. கண்ணுக்கும் காதுக்கும் வந்த விடை அன்று முதல் உள்ளங்கைக்கும் வந்தது.

ஆயினும் இங்கேதான் அளவு வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் திரை குலுங்கினால், பெரிய அடிக்குக் குலுங்குவதற்கு என்ன மிஞ்சும்? எல்லாச் சொல்லையும் உரக்கச் சொல்பவரின் பேச்சில் எது முக்கியம் என்று எவருக்கும் விளங்காது. அன்றியும் சிலருக்குத் திரை அதிர்வது தலைசுற்றலையும் குமட்டலையும் உண்டாக்கும். ஆகவே நல்ல விளையாட்டுகளில் அதனை நிறுத்தி வைக்கும் வசதியும் தரப்படுகிறது. முன்னர்க் கூறிய செலெஸ்டில் அவ்வசதி உண்டு. கைத்திறன் குறைந்தவர்களுக்கென வேகத்தைத் தணித்துக்கொள்ளும் வழியும் உண்டு.

விடை பொய்யாகும் இடம்

இனிக் கூற வருவதைப் பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டுகின்றோம்.

ஓசையும் ஒளியும் அதிர்வும் மனத்தை மகிழ்விக்கும் என்பதை நல்லவர்கள் மட்டுமா அறிவர்? சூதாட்ட இயந்திரங்களைச் செய்வோர் அதனை நன்கு அறிவர். அவ்வியந்திரங்களில் ஒருவன் நூறு காசு கட்டி ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முப்பது காசு திரும்பி வருகிறது. எழுபது காசு இழப்பு. ஆனால் இயந்திரமோ மணியடித்து, விளக்கெரித்து, வெற்றி வெற்றி என்று முழங்குகிறது. கனடா நாட்டின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு 'வெற்றி வேடமிட்ட தோல்வி' எனும் பொருள்படப் பெயரிட்டனர். ஆடுகிறவர் தோலில் தோன்றும் கிளர்ச்சியை அளந்து பார்த்தபோது, இவ்வேடத் தோல்வியும் மெய்யான வெற்றியும் ஏறத்தாழ ஒன்றுபோலவே உடலைக் கிளர்ச்சியூட்டுவதைக் கண்டனர்.

இவ்வேடம் சூதாட்டக் கூடத்தோடு நின்றுவிடவில்லை. கைபேசி விளையாட்டுகள் பலவற்றில் பணம் கட்டித் திறக்கும் மாயப் பரிசுப்பெட்டிகள் உள்ளன. உள்ளே என்ன இருக்கும் என்பது திறக்கும் வரையில் தெரியாது. பெட்டி அதிரும், ஒளி பீறிடும், முரசு முழங்கும். பெரும்பாலும் வெளிவருவது ஒன்றுக்கும் உதவாத பொருள். 2018-இல் பெல்ஜியம் நாடு பணம் கட்டித் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்து, அங்கு அவற்றைத் தடை செய்தது.

நாம் இதனைப் பேசிக்கொண்டிருந்தபோது இளைஞன் தலை கவிழ்ந்தான். "அப்பா, எனக்கு வந்த வேலை அதுதான்" என்றான். "பெட்டி திறக்கும்போது வருகிற வெளிச்சமும் சத்தமும் எப்படி இருந்தால் மறுபடியும் பணம் கட்டுவார்கள் என்று சோதித்துச் சோதித்து மாற்றுகிற வேலை."

தந்தை திடுக்கிட்டார். "இதை ஏன்டா என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னால், நல்ல சம்பளத்தை விடுவதற்குச் சாக்கு என்பீர்கள்."

தந்தை மறுமொழி கூறவில்லை. கூறியிருப்பார் என்பதே உண்மை. அதனை அவரும் அறிவார். நாமும் அவ்வாறே கூறியிருக்கக் கூடும்.

ஆகவே உரைகல் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. திரையிலிருந்து வரும் விடை, விரல் செய்ததைப் பற்றி உண்மை பேசுகிறதா? நன்றாகத் தாவினாய் என்று மாரியோவின் ஓசை கூறும்போது, அந்தப் பிள்ளை நன்றாகவே தாவியிருக்கிறான். நாளை இன்னும் நன்றாகத் தாவுவான். பரிசுப்பெட்டியின் முரசு முழங்கும்போதோ பிள்ளை எதையும் செய்யவில்லை, பணம்தான் செய்தது. முன்னது கைக்கு வரும் விடை. பின்னது பணப்பைக்கு வரும் அழைப்பு. கருவி ஒன்றேயாயினும் இரண்டும் ஒன்றல்ல.

அன்று நிகழ்ந்த இன்னொன்றையும் கூற வேண்டும். புறப்படுமுன் தையற்காரர், "எங்கே, நானும் பார்க்கிறேன்" என்று மேசையருகே அமர்ந்தார். இரண்டு முறை விழுந்தார். மூன்றாம் முறை தாண்டினார். முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. மீண்டும் மீண்டும் தாவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டும் தாவிப் பார்த்தார். பிறகு, "எழும்புவது சரியாக இருக்கிறது. இறங்குவதும் சரி. சத்தம்தான் கொஞ்சம் பிந்துகிறது" என்றார்.

மகன் நம்பவில்லை. ஒலிப்பதிவைத் திறந்து ஆராய்ந்தான். ஓசை தொடங்குமுன் அதன் முகப்பில் ஒரு சிறு வெற்றிடம், ஒலியே இல்லாத துண்டு, பதிவாகியிருந்தது. மூன்று வாரமாக அவன் காதுக்கு அது படவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் ஓசையோடு வாழ்ந்தவருக்குப் பட்டுவிட்டது. அத்துண்டை வெட்டியெறிந்துவிட்டு மறுபடியும் தந்தான். அவர் ஒருமுறை தாவிப் பார்த்து, "இப்போது சரி" என்று எழுந்துகொண்டார்.

பிணக்கு முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று கூற மாட்டோம். ஈஸ்டர் வரையில் தவணை கொடுத்திருக்கிறார் தந்தை. அதற்குள் விளையாட்டு முடியுமா, முடிந்தால் விலை போகுமா என்பது இளைஞனுக்கும் தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் இரவில் கடையை மூடிவிட்டு வந்ததும், "இன்றைக்கு என்ன மாற்றினாய்?" என்று கேட்கிறாராம்.

குடும்பத்தினருக்குச் சில குறிப்புகள்

முடிக்குமுன், இல்லங்களில் பயன்படக்கூடிய சிலவற்றைக் கூறி விடைபெறுகின்றோம்.

தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து விளையாடும் பிள்ளை, "அழுத்தினால் தாமதமாக வருகிறது" என்று குறைபட்டால், அதனைச் சோம்பேறியின் சாக்கு என்று தள்ளாதீர்கள். இக்காலத் தொலைக்காட்சிகள் படத்தை அழகுபடுத்துவதற்காகச் சிறிது நேரம் பிடித்துவைத்து அனுப்புகின்றன. பலவற்றில் 'கேம் மோட்' என்றொரு அமைப்பு உண்டு. அதனை இயக்கினால் அத்தாமதம் பெரிதும் குறையும். கம்பியில்லாக் காதணிக் கருவிகளிலும் ஓசை பிந்தி வருவதுண்டு. கம்பியுள்ளவற்றில் அக்குறை இல்லை.

பிள்ளை எந்த விளையாட்டில் மகிழ்கிறான் என்று கேட்பதோடு நில்லாமல், எந்தக் கணத்தில் மகிழ்கிறான் என்று அருகிலிருந்து பாருங்கள். தன் விரலால் ஒன்றைச் சாதித்த கணத்திலா, அல்லது தானாகச் சுழன்று நிற்கும் ஒன்றைப் பார்த்திருக்கும் கணத்திலா? பணம் கேட்கும் பொத்தான்தான் திரையில் மிகப் பளபளப்பாக இருக்கிறதா? இவ்விரண்டு கேள்விகளே பல விளையாட்டுகளைத் தரம் பிரித்துவிடும்.

இயன்றால் நீங்களும் ஒருமுறை விளையாடிப் பாருங்கள். விழுவீர்கள், விழுந்தால் வெட்கமில்லை. பிள்ளைக்குக் கற்பிக்கும் வாய்ப்பை அளியுங்கள். எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பதை அதன் பின்னர்ப் பேசினால், அந்தப் பேச்சுக்கு அவன் காது கொடுப்பான்.

ஒன்று மட்டும் நம் நெஞ்சை உறுத்துகிறது. விரல் தொட்ட பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் விடை தர வேண்டும் என்று அந்த இளைஞன் மூன்று வாரம் உழைத்தான். நம் இல்லங்களிலோ, "அப்பா" என்று அழைத்த பிள்ளை, கைபேசியிலிருந்து நம் தலை நிமிர்வதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறான்? அடுத்த திங்கள் சந்திக்கும் வரையில் இதனை ஒருமுறை அளந்து பாருங்கள். நாமும் அளந்து பார்க்கின்றோம்.